என் வீட்டிலேயே ஒருவர்

ஆலத்தியூர்,
15.9.2024

கர்த்தருக்குள் பிரியமான பிரவீணாவுக்கு,

உன் கணவன் அறிவரசன் எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் கேட்கவில்லை என்றும் தெரிகிறது. "எழுதினா படிப்பேன், பேசுனா கேக்க மாட்டேன்" என்று வியாழக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சொன்னாய். அதனால் எழுதுகிறேன். நிச்சயம் ஆன பிறகு உனக்குக் கடிதம் எழுதியதோடு சரி. பேனா பிடித்தே ரொம்ப நாளாகிறது. பிளாண்ட்டில் ஷிப்ட் ரிப்போர்ட்கூட இப்போது கம்ப்யூட்டரில்தான்.

நடந்ததை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். புதன்கிழமை நம் வீட்டுக் கூட்டத்தில் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது பற்றிப் பேசினேன். வசனத்தை வாசித்து, விளக்கம் சொல்லி, கடைசியில் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் கொடுத்தால்தான் கேட்கிறவர்கள் மனதில் நிற்கும். வேதபாடம் நடத்துகிறவர்களுக்குப் பாஸ்டர் கொடுத்த பயிற்சியே அதுதான். நானும் அப்படித்தான் சொன்னேன். "என் வீட்டிலேயே ஒருவருக்குக் கண்ணை மூடினால் ஜெபம் வருவதில்லை. துவைத்த துணியை மடிக்க வேண்டுமே என்றுதான் ஞாபகம் வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்காக நாம் பாரப்பட்டு ஜெபிக்க வேண்டும்." இவ்வளவுதான். உன் பேரை நான் சொல்லவில்லை. உன்னைக் குறைவாகவும் பேசவில்லை. அன்றைக்கு அமிர்தவல்லி அக்காவே, மனதைத் தொட்டது பிரதர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்காக ஒரு பெண் வீட்டை விட்டுப் போகலாமா என்று நிதானமாக யோசித்துப் பார். கூட்டத்தில் கேட்பார்கள் என்பதால், அத்தைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் மரியாதையைக் காப்பாற்றத்தான்.

பதில் எழுது.

அறிவரசன்


துறைமங்கலம், பெரம்பலூர்,
20.9.2024

உங்களுக்கு,

கடிதம் வந்தது. தலைப்பு, விளக்கம், உதாரணம் எல்லாம் இருந்தது. காணிக்கைப் பாட்டு மட்டும்தான் பாக்கி.

என் பேரைச் சொல்லவில்லையாம். நம் வீட்டில் பல்லியைச் சேர்க்காமல் இரண்டே பேர். ஒருவர் பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் பாஸ்டரின் பயிற்சி தேவைப்படவில்லை.

நான் அடுப்படியில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "என் வீட்டிலேயே ஒருவர்" என்று நீங்கள் ஆரம்பித்ததும், யாரோ பாவம் என்றுதான் நானும் நினைத்தேன். துணி மடிப்பது வந்த பிறகுதான் அது நான் என்று புரிந்தது.

ஜெபம் முடிந்ததும் அமிர்தவல்லி அக்கா உள்ளே வந்து என் தலையில் கை வைத்தார். "எல்லாருக்கும் வர்ற சோதனதாம்மா" என்றார். அடுத்து சிந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தே ஆறு மாதம்தான் ஆகிறது, என்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அருள்முருகன் நிலைப்படியில் நின்று, "அக்கா, ஒங்களுக்காக நாளைக்கு ஒரு வேள சாப்புடாம இருக்கேங்க்கா" என்றான். லோடு ஆட்டோவில் மூட்டை தூக்குகிற ஆள் என்னால் பட்டினி கிடக்க வேண்டும். எல்லாருக்கும் நான்தான் சுண்டல் கொடுத்தேன், நான்தான் டீ கொடுத்தேன். டம்ளரை வாங்கும்போது ஒவ்வொருவரும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்கள். நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டே, "சுண்டலில் உப்பு கொஞ்சம் கம்மி" என்றீர்கள்.

ஜெபம் வரவில்லை என்று நான் உங்களிடம் எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? அப்பா இறந்து ஒரு வருஷம் ஆன அன்று. அப்பா நோயில் கிடந்தபோது அவருக்காக நம் கூட்டமே சங்கிலி உபவாசம் இருந்தது. ஒருவர் சாப்பிட்டதும் அடுத்தவர் என்று ஒரு வேளைகூட விடாமல் இருந்தார்கள். நானும் இருந்தேன். ராசாங்கம் வாத்தியார் பிழைத்து எழுந்துவிடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா போய்விட்டார். அதற்காக நான் ஆண்டவரோடு சண்டை போடவில்லை. சண்டை என்றாலும் பேச்சு இருக்குமே. எனக்குப் பேச்சே வரவில்லை. கண்ணை மூடினால் உள்ளே ஒன்றும் இல்லை. துணிதான் ஞாபகம் வந்தது. அதைத்தான் சொன்னேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பாஸ்டரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னதும் நீங்கள் கூட்டம் நடத்துகிறவர் என்பதற்காக இல்லை, என் புருஷன் என்பதற்காக. நீங்கள் அதைப் புதன்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

அம்மா இன்று காலையில் இரண்டு குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். உடம்பு சரியில்லாதவர் செய்கிற வேலை இது என்று உங்கள் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

என் தையல் மிஷினை அனுப்பி வையுங்கள். மோட்டாரைக் கழற்ற வேண்டாம், அப்படியே கட்டி அனுப்பினால் போதும். தீபாவளிக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லி இங்கே ஆட்கள் வருகிறார்கள்.

பிரவீணா


ஆலத்தியூர்,
26.9.2024

பிரியமான பிரவீணா,

மிஷின் விஷயம். நம் ஊரில் லோடு ஆட்டோ வைத்திருப்பது அருள்முருகன்தான். அவனிடம் கேட்டால் எதற்கு என்பான். அதனால் இன்னும் கேட்கவில்லை. இது ஒரு காரணம். இன்னொரு காரணம், மிஷின் போய்விட்டால் நீ திரும்பி வரமாட்டாய் என்று எனக்குப் படுகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு மட்டும்தான் வலி என்பதுபோல் எழுதியிருக்கிறாய். மாமாவுக்காக நானும் உபவாசம் இருந்தேன். அவரை அடக்கம் பண்ணிய அடுத்த புதன் கூட்டம் நடத்தியது யார்? எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் பிரதர் நம்ம ஜெபம் கேக்கப்படல என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் திருப்பிக் கேட்டிருப்பேன். ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் சிமெண்ட் தூளோடு வந்து, குளித்து, பாய் விரித்து, வாராவாரம் ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் யாரும் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை, என்னை நம்பி வருகிறார்கள். நீ அன்று அதைச் சொன்னதும் எனக்குப் பயம் வந்தது. உனக்கு வராதது எனக்கும் வராமல் போய்விட்டால்? அந்தப் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை, நடந்தது இது.

இன்னொன்று. போன வாரம் கூட்டத்தில் ரெங்கம்மாள் அக்கா, "அம்மாவுக்கு ஒடம்புக்கு என்னா தம்பி?" என்று கேட்டார். முட்டி என்று வாயில் வந்துவிட்டது. "எந்த முட்டி?" என்றார். இடது என்றேன். நேற்று அத்தையின் இடது முட்டிக்காக எல்லாரும் முழங்காலில் நின்று அரை மணி நேரம் ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன்.

சுண்டலுக்குப் பதில் கடையில் மிக்சர் வாங்கி வைக்கிறேன். சிந்து அதைத் தொடுவதே இல்லை.

அறிவரசன்


ஆலத்தியூர்,
30.9.2024

பிரவீணா,

அவசரம். ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். நாளையே உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

புதன்கிழமை காந்தி ஜெயந்தி லீவு. கூட்டத்துக்குப் பதிலாக எல்லாரும் வேன் பிடித்துப் பெரம்பலூர் வந்து அத்தையைப் பார்த்து ஜெபித்துவிட்டு வருவது என்று முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்கவே இல்லை. நான் ஷிப்டில் இருந்தபோதே வேன் பேசி, சாத்துக்குடியும் வாங்கிவிட்டார்கள். தூரமாச்சே, அலைச்சலாச்சே என்று சொல்லிப் பார்த்தேன். "முட்டிக்குக் கை வெச்சி ஜெபிக்க வேணாமா தம்பி?" என்று ரெங்கம்மாள் அக்கா கேட்கிறார். வேதபாடம் நடத்துகிறவன் ஜெபிக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

உன் போனுக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை, அத்தையின் போன் சுவிட்ச் ஆஃப். எனக்கு அன்று டியூட்டி, வர முடியாது. லீவு கேட்டால் கிடைக்கும்தான். வந்து உன் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லை.

அத்தையை அன்று ஒரு நாள் மட்டும் கட்டிலில் உட்காரச் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அறிவரசன்


துறைமங்கலம்,
4.10.2024

உங்களுக்கு,

உங்கள் ஸ்பீடு போஸ்ட் நேற்று, மூன்றாம் தேதி மத்தியானம் வந்து சேர்ந்தது. வேன் இரண்டாம் தேதி காலையிலேயே வந்துவிட்டது.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, யாரோ என்று கீழே ஓடி வந்தார். ஓடி வந்தார் என்றுதான் எழுதுகிறேன். படியில் இரண்டிரண்டாக இறங்கினார். கீழே ரெங்கம்மாள் அக்கா, அமிர்தவல்லி அக்கா, சிந்து, அருள்முருகன், இன்னும் நாலைந்து பேர் சாத்துக்குடிப் பையோடு நிற்கிறார்கள். எல்லாரும் அம்மாவின் காலையே பார்த்தார்கள்.

"முட்டி எப்புடிங்க இருக்கு?" என்று ரெங்கம்மாள் அக்கா முகத்தை மாற்றாமல் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அம்மாவுக்கு உடனே தோன்றியிருக்கிறது. "ஆமாங்க, ராத்திரில ஒரே வலிங்க" என்று வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. அம்மாவையும் பொய் சொல்ல வைத்தாயிற்று. "அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நானும் அவுங்களும் சண்ட போட்டுக்கிட்டோம். நான் கோவிச்சிக்கிட்டு வந்துட்டேன்" என்று சொன்னேன்.

அருள்முருகன், "தெரியும்க்கா" என்றான். நான் பெரிய பையோடு பஸ் ஏறியதைச் சிந்து அன்றே பார்த்துவிட்டாள் என்றான். "பிரதருக்குத்தான் எங்களுக்குத் தெரியும்ங்கறது தெரியாது."

அப்புறம் எதற்கு இந்த வேனும் சாத்துக்குடியும் என்று கேட்டேன். ரெங்கம்மாள் அக்கா சொன்னார்: "ஒன்னயப் பாக்கப் போறோம்னா தம்பி வுடாது. முட்டியப் பாக்கப் போறோம்னா வேணாம்னு சொல்ல முடியாதுல்ல?"

நான் சிரித்துவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு சிரித்தது அன்றுதான். அம்மா முட்டியை விட்டுவிட்டு எழுந்து டீ போடப் போனார்.

அமிர்தவல்லி அக்கா மட்டும் தனியாக என்னிடம் வந்தார். "அன்னிக்கு நான் தலையில கை வெச்சது ஒனக்குப் புடிக்கலன்னு அப்பவே தெரிஞ்சிச்சி பிரவீணா. வெச்ச கைய எப்புடி எடுக்கறதுன்னுதான் தெரியல" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த கசப்பு அதோடு போய்விட்டது.

ஒரு வீட்டுக்குப் போனால் ஜெபிக்காமல் கிளம்ப மாட்டார்களே. கிளம்பும்போது யார் முடிவு ஜெபம் பண்ணுவது என்று பார்த்தார்கள். வழக்கமாக வீட்டுக்காரர்களைத்தான் கேட்பார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், உடனே தரையைப் பார்த்தார்கள். "எனக்கு வராது, நீங்க யாராச்சும் பண்ணுங்க" என்று நானே சொல்லிவிட்டேன். அதற்கு ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை. அம்மா ஜெபித்தார். அம்மாவின் ஜெபம் லேசில் முடியாது என்று உங்களுக்குத் தெரியும். நான் கண்ணை மூடவில்லை. எதிரே சிந்துவும் மூடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆக, இவர்கள் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. என்னைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்ததுகூட இப்போது பெரிதாகப் படவில்லை. அதை நானே சொல்லியிருந்தால் இப்படித்தான் சாதாரணமாகக் கேட்டிருப்பார்கள். சொல்வதா வேண்டாமா என்பது என் கையில் இருந்தது. அதை நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள். என் கோபம் அந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

மிஷின் இன்னும் வரவில்லை. இனி அருள்முருகனிடம் கேட்க என்ன தயக்கம்?

பிரவீணா


ஆலத்தியூர்,
10.10.2024

பிரவீணா,

நேற்றுக் கூட்டத்தில் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே எழுந்து நின்று, அத்தையின் முட்டியைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொன்னேன். நீ என்னால்தான் போனாய் என்றும் சொன்னேன். எதனால் என்று விளக்கவில்லை. விளக்கினால் மறுபடியும் உன்னைத்தான் கூட்டத்தில் வைப்பேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

அவர்கள் அதிர்ச்சி அடைவார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ரெங்கம்மாள் அக்கா, "செரி தம்பி, பாட்டு எடுங்க" என்றார். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

இனி இந்தக் கூட்டத்தை நான் நடத்துவது சரியில்லை. கட்டின மனைவி நம்பிச் சொன்னதைக் காப்பாற்றத் தெரியாதவனுக்கு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? அருள்முருகனிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பாஸ்டரிடம் இன்னும் பேசவில்லை. முதலில் உன்னிடம் கேட்கிறேன்.

மிஷினை இன்று அவன் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். மோட்டாரைக் கழற்றவில்லை. நூல்கண்டு, கத்தரிக்கோல், பாபின் எல்லாம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. அதை ஏற்றும்போது எனக்கு அழுகை வந்தது. அருள்முருகன் பார்க்காததுபோல் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

என்னை மன்னித்துவிடு. இதற்கு மேல் எழுதினால் நீ தலைப்பு எண்ணுவாய்.

அறிவரசன்


துறைமங்கலம்,
14.10.2024

உங்களுக்கு,

மிஷின் வந்தது. அன்றே இரண்டு ஜாக்கெட் முடித்தேன். அருள்முருகன் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போனான்.

கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். அருள்முருகன் நல்ல பையன்தான். ஆனால் நாலு பேர் முன்னால் வாசிக்கச் சொன்னாலே அவனுக்கு வேர்த்து ஊற்றும். உங்களுக்குத் தண்டனை வேண்டும் என்பதற்காக அவனைத் தண்டிக்காதீர்கள். நீங்கள் நன்றாகத்தான் நடத்துகிறீர்கள். அதிகமாகப் பேசுகிறீர்கள், அது ஒன்றுதான். ஒரு கேள்வி கேட்டால் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள். எட்டு வருஷமாக அடுப்படியிலிருந்து கேட்கிறேன், எனக்குத் தெரியாதா?

மன்னிப்பு பற்றி. படித்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

ஒன்று யோசித்தேன். இந்த வாரம் தையல் வேலை நெருக்கடி. அடுத்த புதன், இருபத்து மூன்றாம் தேதி, நான் கூட்டத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்குத்தான் வருகிறேன், வீட்டுக்கு இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதற்கு நான் என்ன செய்ய? அடுப்படிக்குள் போக மாட்டேன். மற்றவர்களோடு பாயில் உட்காருவேன். என்னை ஜெபிக்கச் சொல்லக் கூடாது. எனக்காக ஜெபிக்கவும் கூடாது. முடிந்ததும் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

பிரவீணா


ஆலத்தியூர்,
18.10.2024

பிரவீணா,

வா.

ஒரு சந்தேகம் மட்டும். கூட்டத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று "வாங்க பிரதர், வாங்க சிஸ்டர்" என்று நான் கூப்பிடுவது வழக்கம். உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. அன்று மட்டும் வாசலில் நிற்காமல் உள்ளேயே இருந்துவிடுகிறேன்.

சுண்டல் நானே ஊற வைக்கிறேன். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சிந்துவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அறிவரசன்


துறைமங்கலம்,
24.10.2024

உங்களுக்கு,

பஸ் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுவிட்டது. அம்மா சாப்பிடாமல் காத்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். சுண்டல் வேகவில்லை என்றேன். அவரிடம் அதற்கு மேல் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

என் வீட்டுக் கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்தது விநோதமாக இருந்தது. ஃபேன் அவ்வளவு சத்தம் போடும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. நீங்கள் வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தீர்கள். உங்கள் தொண்டையில் பதில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. விழுங்கிவிட்டீர்கள். அப்புறம் அருள்முருகன் பேசினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் ஜெபக் குறிப்புகள் கேட்டீர்கள். ரெங்கம்மாள் அக்கா மாட்டுக்கு ஈற்று நல்லபடியாக ஆக வேண்டும் என்றார். சிந்து, தன் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை, அதற்கு நன்றி. எல்லாரும் சொல்லி முடித்ததும் ரெங்கம்மாள் அக்கா உங்கள் பக்கம் திரும்பி, "ஒனக்கு எதும் குறிப்பு இருக்கா தம்பி?" என்று கேட்டார். நீங்கள் ஏதாவது சொன்னால், "என் வீட்டிலேயே" என்று ஆரம்பித்தால்கூடப் போதும், எழுந்து போய்விடுவது என்று செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவைத்தேன்.

நீங்கள், "இருக்குதுக்கா. சொல்ல மாட்டேன்" என்றீர்கள். என்னைப் பார்க்கவும் இல்லை. "அப்ப செரி" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

உங்களிடமிருந்து அந்த இரண்டு வார்த்தைகளை நான் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதை இங்கே அம்மா வீட்டில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

அடுத்த புதன் தீபாவளிக்கு முந்தின நாள். ஜாக்கெட்டெல்லாம் கொடுத்துவிட்டு மத்தியானமே வந்துவிடுவேன். திரும்பிப் போக பஸ் நேரம் பார்க்க வேண்டாம். கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள்.

இன்னொன்று. எனக்கு இன்னும் ஜெபம் வரவில்லை. நேற்று எல்லாரும் கண்ணை மூடியபோது நானும் மூடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை, வருமா என்றும் தெரியவில்லை.

இதை உங்களிடம்தான் சொல்கிறேன்.

பிரவீணா